சுண்ணாம்பு அடித்த வீடு

நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போய், கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டவர்களை என்ன செய்வது என்பது எந்த அரசாங்கத்துக்கும் தலைவலிதான். செத்தவர்களால் தொந்தரவு இல்லை. ஒரு கல்லை நட்டு, வருஷத்துக்கொரு முறை துடைத்துவிட்டால் போதும். உயிரோடு வந்தவர்களுக்கோ பசிக்கும், குடும்பம் இருக்கும், தலைக்கு மேல் கூரை கேட்பார்கள். ஆகவே அரசாங்கம் ஆற அமர யோசித்து, ஓய்வு பெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுப்பது என்று முடிவு செய்தது. அதன் கையில் தாராளமாக இருந்தது நிலம்தான். அதிலும் யாரும் கேட்டு வராத நிலம் நிறையவே இருந்தது.

பீரங்கிக்காரருக்கு மூன்று ஏக்கர் கிடைத்தது. பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் சேர்ந்து, சுடக் கற்று, பிறகு இளம் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் சுடக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பீரங்கிக்காரர்தான். கொஞ்சம் உரக்கக் கூப்பிட வேண்டும், காது பாதி போயிருந்தது. விழா மண்டபத்தில் மந்திரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேசம் உங்களை மறக்காது" என்றார். அது அவர் காதில் விழவில்லை. மந்திரிகள் வேறென்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்து வைத்தார்.

உண்மையில் நிலம் வேண்டியிருந்தது அவருக்கல்ல, அவர் மனைவிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் பட்டாளக் குடியிருப்புகளிலேயே காலம் தள்ளினாள். அங்கே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாசலில் செடி வைக்கலாம், ஆனால் அது மொட்டு விடும் நேரம் பார்த்து மாற்றல் உத்தரவு வரும். காலி பண்ணு என்றால் பண்ண வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அவள் தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. தம்பி நல்லவன். தம்பி மனைவியும் நல்லவள்தான், தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்த மறந்தது என்பதைத் தவிர வேறெதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் தம்பியின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, புதுப்பெண்ணுக்கு மாடியறை வேண்டும் என்ற பேச்சு சாப்பாட்டு நேரங்களில் தானாகவே வந்து விழுந்தது. யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத ஒரு வீடு. பீரங்கிக்காரரின் மனைவி இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அரசாங்கம் எதையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாது, ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு வருஷத்துக்குள் நிலத்தில் வீடு கட்டி, பயிர் வைத்து, குடும்பத்தோடு குடியேற வேண்டும். வருஷ முடிவில் நில அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அன்றைக்கு அங்கே ஆள் இல்லையென்றால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போய்விடும்.

மைத்துனன்தான் தன் வண்டியில் அவர்களை நிலம் காட்டக் கூட்டிப்போனான். கடைசி டீக்கடையைத் தாண்டி, தார் ரோடு போதும் என்று நின்றுவிட்ட இடத்தையும் தாண்டி, வண்டி மண்ணில் குதித்துக் குதித்துப் போனது.

"மாமா, சண்டையில நீங்க புடிச்ச இடத்துலயே கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாம். இதைவிடப் பக்கமா இருந்திருக்கும்" என்றான் மைத்துனன்.

"என்ன?"

"நல்ல நிலம்னு சொன்னேன் மாமா."

வண்டி நின்றது. எதிரே ஒரு மேடு, அதன் உச்சியில் இரண்டாகப் பிளந்த ஒரு பாறை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, வெறும் பொட்டலில் அறை அறையாக நடந்து பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் சமையல்கட்டு வெச்சுக்கலாம். காத்து எப்படி வருது பாருங்க."

காற்று நன்றாகத்தான் வந்தது. பீரங்கிக்காரரோ மேட்டு உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிளந்த பாறையை அவருக்குத் தெரியும். தன் வீட்டு வாசலைவிட நன்றாகத் தெரியும், வீடு என்று ஒன்று இருந்ததில்லையே. இது பட்டாளத்தின் சுடுபயிற்சி மைதானம். தொலைவிலிருக்கும் குன்றின் மேல் நின்றுகொண்டு, குறிபார்க்கும் கண்ணாடி வழியாக வருஷக்கணக்கில் இந்த மேட்டைப் பார்த்து, பிளந்த பாறைக்கு இடப்பக்கம் இவ்வளவு, வலப்பக்கம் இவ்வளவு என்று கணக்குச் சொல்லிக் குண்டு போட வைத்தவர் அவர். பாறை பிளந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அங்கேயே, அப்பொழுதே சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். மனைவி, இன்னும் கட்டாத சமையல்கட்டின் இல்லாத ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. போரில் எதற்கும் அஞ்சாதவர் என்று சான்றிதழ் வாங்கிய மனிதர், அந்தச் சிரிப்பு அணைந்துவிடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் தனியாக நில அலுவலகத்துக்குப் போனார். நில அதிகாரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மேஜை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"அதெல்லாம் பழைய கதைங்க. மைதானத்தோட இந்த ஓரம் இனிமே பட்டாளத்துக்கு வேண்டாம்னு முடிவாயிடுச்சு. பாருங்க, பச்சை அடிச்சிருக்கோம்."

"பட்டாளத்துக்கு இது தெரியுமா?"

"கடிதம் போட்டிருக்கோம்."

"பதில் வந்துச்சா?"

"வரலை. கொடுக்கக் கூடாதுன்னு நினைச்சா எழுதியிருப்பாங்கல்ல?" என்றார் அதிகாரி.

பட்டாளத்திலும் ஒரு வரைபடம் இருக்கும், அதில் அந்த ஓரம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று பீரங்கிக்காரருக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தார். இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கும் சிக்கலைத் தனிமனிதர் தீர்க்க நினைக்கக் கூடாது என்று அதிகாரி அன்போடு எடுத்துச் சொன்னார். சரி, மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடக்குமே என்றார் இவர். நிலத்தைச் சுத்தம் செய்துகொள்வது நிலம் பெற்றவர் பொறுப்பு என்றார் அவர். பட்டாளத்தில் போய்க் கேட்டால், நில அலுவலகம் எழுதித் தரட்டும் என்றார்கள். நில அலுவலகத்தில் கேட்டால், பட்டாளம் எழுதித் தரட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் அவரைப் பந்தாடினார்கள், மரியாதையாக, ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பந்தாடினார்கள்.

கடைசியில் அவரே இறங்கினார். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைச் சாய்வாக மண்ணில் செருகிச் செருகி, மூன்று ஏக்கரையும் சாண் சாணாகத் தடவிப் பார்த்தார். தொட்டால் ஆபத்து என்று தோன்றிய இடங்களைத் தொடாமல், சுற்றிலும் வட்டமாகக் கல் வைத்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். "பட்டாளம் கூடாரம் போட்ட இடம், பழைய இரும்பு கிடக்கு, கால்ல குத்திடும், அந்தப் பக்கம் போகாதே" என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பினாள். அவர் அதற்கு முன் அவளிடம் பொய் சொன்னதில்லை, அதனால் பொய் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

வீடு எழுந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தகரம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வீட்டுக்குப் போகும் பாதையின் இரண்டு ஓரமும் கல் பதித்து, அதற்கும் அடித்தார். மரக்கன்றுகளின் அடித்தண்டுக்கும் அடித்தார். கன்றுகள் விரல் தடிமன்தான் இருந்தன, இருந்தாலும் அடித்தார். பட்டாளத்தில் அசையாத எதைப் பார்த்தாலும் வெள்ளையடிக்கச் சொல்லித்தான் பழக்குவார்கள், அது ஆளை விட்டுப் போகவே போகாது.

"இது வீடா, ஆயுதக் கொட்டகையா? இங்க கொஞ்சம் நீலம் அடிச்சா என்ன?" என்றாள் மனைவி.

"பார்த்தா ஒழுங்கா இருக்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு வருஷமும் ஒரு குண்டுகூட விழவில்லை. பீரங்கிப் பிரிவு எல்லைக்குப் போயிருந்தது. காது கேட்காவிட்டாலும் தரை அதிர்வது காலுக்குத் தெரியும் அல்லவா, அதனால் தினமும் காலையில் வெறுங்காலோடு தரையில் நின்று பார்ப்பார். நாளாக நாளாக அதையும் விட்டுவிட்டார். பச்சை வரைபடம்தான் சரியான வரைபடம் என்று அவரே தன் காதில் பூச்சுற்றிக்கொண்டார். அவரைக்கொடி கொத்துக்கொத்தாய்க் காய்த்தது. தக்காளி பழுத்தது. மனைவி சுவரில் ஆணி அடித்தாள். கண்ணாடி மாட்ட ஒன்று, நாள்காட்டிக்கு ஒன்று, ஒன்றும் மாட்டாமல் சும்மா ஒன்று.

நில அதிகாரி வரவேண்டிய நாளும் வந்தது. காலையிலிருந்தே மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள். தகரப் பெட்டியைத் துடைத்துத் துணி விரித்து, அதிகாரி உட்காருவதற்கென்று நடு அறையில் போட்டாள். பீரங்கிக்காரர் தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

தரை அதிர்ந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி எழுந்து நின்றது.

"எங்கயோ கல்லு உடைக்கிறாங்க போல" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

அவருக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குண்டுதானே, எங்கோ வழி தப்பி வந்திருக்கும் என்று மனசு சமாதானம் தேடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விழுந்தது, இந்த முறை இந்தப் பக்கம், வீட்டுக்கு முன்னால், ஓடைக்கரையில்.

பீரங்கிக்காரர் இரண்டு புழுதியையும் மாறி மாறிப் பார்த்தார். தாண்டி ஒன்று, முன்னால் ஒன்று. அதை அவர் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் இலக்கைத் தாண்டிப் போடு. பிறகு இலக்குக்கு முன்னால் போடு. இரண்டுக்கும் நடுவில்தான் இலக்கு இருக்கிறது, தூரத்தைப் பாதியாக்கி மூன்றாவதை நடுவில் போடு. அந்தப் பொட்டலில் நடுவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் திரும்பித் தன் வீட்டை, குன்றின் மேல் நிற்பவன் கண்ணால், முதல் முறையாகப் பார்த்தார். வெள்ளைப் பெட்டி. அதைச் சுற்றி வெள்ளை வட்டங்கள். அதற்கு நேராக இரண்டு வெள்ளைக் கோடுகள். பயிற்சிக்கு இலக்கு கட்டும்போது இப்படித்தான் கட்டுவார்கள். புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் அவரே சுண்ணாம்பு வாளியோடு நின்று கட்டியிருக்கிறார்.

அவரைக்காயைப் போட்டுவிட்டு ஓடினார்.

"வெளிய வா. உடனே வா."

"என்னங்க இது, ஆபீசர் வர்ற நேரம். வீட்டுல ஆள் இல்லைன்னா நிலம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குண்டு போடுறாங்க. அடுத்தது இந்த வீட்டு மேலதான்."

"நம்ம வீட்டு மேல யாரு குண்டு போடப் போறாங்க?"

"நம்ம ஆளுங்கதான். இது சுடுற மைதானம். நான் சுட்ட இடம்."

அவள் பெருக்குவதை நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவருக்கு அது நன்றாகவே கேட்டது. "முதல் நாள்லேர்ந்து."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். குண்டுக்குப் பயந்து வந்த மாதிரி தெரியவில்லை. அவரோடு ஒரே கூரைக்குக் கீழ் நிற்கப் பிடிக்காமல் வந்த மாதிரி இருந்தது. தோட்டத்துக்கு வெட்டியிருந்த வாய்க்காலில் அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரும் கவிழ்ந்து படுத்தார்.

மூன்றாவது வந்தது. பயிற்சிக் குண்டு என்பதால் வீடு முழுக்கப் போகவில்லை. கூரையும் முன்சுவரும்தான் போயின. தகரம் ஒன்று எழும்பிப் போய்த் தக்காளிச் செடிகளின் மேல் விழுந்தது. புழுதி அடங்கியபோது பீரங்கிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவரை அறியாமலேயே, அத்தனை வருஷப் பழக்கத்தில், வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"சரியா நடுவுல."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் படுத்திருப்பது யார் என்பது நினைவுக்கு வந்தது. அவள் அவரைப் பார்த்த பார்வைக்கு, அடுத்த குண்டே தேவலை என்றிருந்தது. அவமானத்தில் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

குறி சரியாக விழுந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு, ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஜீப் வந்தது. குதித்து இறங்கிய இளம் கேப்டன், வாய்க்காலிலிருந்து மண்ணும் மனைவியுமாக ஏறி வந்த தன் பழைய ஆசிரியரைப் பார்த்து அவசர அவசரமாக சல்யூட் அடித்தார்.

"சார்... நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"குடியிருக்கேன்."

"நாங்க இலக்குன்னு நினைச்சோம் சார். முன்னாடி இருந்த பிரிவு கட்டி வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு. கண்ணாடியில பார்த்தா எல்லாம் அளவா, வரிசையா, வெள்ளையடிச்சு... சாதாரண ஜனங்க யாரும் இப்படி வீடு கட்ட மாட்டாங்களே சார்."

"சிவப்புக் கொடி ஏத்தலையா?"

"ரோட்டு மேல ஏத்தியிருக்கோம் சார், யாரும் உள்ள வராம இருக்க."

உள்ளேயே இருக்கிறவர்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அந்தக் கொடிக்கு வெளியே காத்துக்கிடந்த நில அதிகாரி, சுடுவது நின்றதும் தன் வண்டியில் வந்து சேர்ந்தார். நேரம் வீணானதில் கடுப்பாக இருந்தார். நிலம் கொடுத்த உத்தரவை ஒரு முறை படித்தார், வீட்டை ஒரு முறை பார்த்தார்.

"வீடு இல்லையே" என்றார்.

"இப்பதான் சார் உடைஞ்சது" என்றார் பீரங்கிக்காரர்.

"எப்ப உடைஞ்சதுங்கிறது எனக்குத் தேவையில்லீங்க. நான் பார்க்கிற நேரத்துல கூரை இல்லை. எப்படிக் குடியிருக்காங்கன்னு எழுதுறது?"

"பட்டாளம் நஷ்ட ஈடு கொடுக்கும்" என்று கேப்டன் குறுக்கே வந்தார். "நிலத்துக்குச் சொந்தக்காரர்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னா."

"வீடு இருந்தாத்தான் சொந்தம். வீடு இல்லாதவரைச் சொந்தக்காரர்னு நான் எப்படி எழுத முடியும்?"

"அப்போ இவங்க இங்க இருக்கிறதே சட்டப்படி தப்பாயிடும்" என்றார் கேப்டன் வருத்தத்தோடு. கெட்ட பிள்ளை இல்லை. தன் வரைபடத்தை எடுத்து அதிகாரியின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து அழகாக இருந்தன. அதற்குள் அவர் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. அடுத்த பிரிவு சுடத் தயாராக இருக்கிறதாம்.

கேப்டன் பீரங்கிக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, வண்டியில ஏறுங்க. இடத்தைக் காலி பண்ணணும்."

அந்த அம்மாள் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. இடிந்த முன்சுவரைத் தாண்டி உள்ளே போனாள். புழுதி படிந்து கிடந்த தகரப் பெட்டியை முந்தானையால் துடைத்தாள். அதன் மேல், நடு அறையில், திறந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து காலி பண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "சொன்ன ஊருக்கெல்லாம் போனேன். சொன்ன நாள்ல கிளம்பினேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனிமே முடியாது. ஆள் இருக்கான்னு பார்க்கத்தானே சார் வந்தீங்க? பாருங்க. இருக்கேன். எழுதிக்கோங்க."

அதிகாரி பேனா மூடியைக் கடித்தார்.

"அம்மா, இங்க குண்டு விழும்" என்றார் கேப்டன்.

"விழட்டும். போடறது உங்க ஆளுங்கதானே தம்பி. போடச் சொல்லுங்க."

பீரங்கிக்காரர் வெளியே நின்றார். உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் கால்கள் தானாகப் போகும் மனிதர் அவர். கேப்டனின் வண்டியைப் பார்த்தார், அது கதவைத் திறந்துகொண்டு நின்றது. மனைவியைப் பார்த்தார். பிறகு இடிந்த சுவரின் வழியாக உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், கல்லும் காரையுமாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க வந்து உட்கார்ந்ததால மனசு ஆறிடும்னு நினைக்காதீங்க" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல், அவருக்குக் கேட்கும்படி.

"நினைக்கலை" என்றார் அவர்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. கேப்டன் அதை வாயருகே கொண்டுபோனார். "சுட வேண்டாம். திரும்பச் சொல்றேன், சுட வேண்டாம். இலக்குல ஆள் இருக்காங்க."

யார் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

கேப்டன் நில அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவசரமாகத் தக்காளிச் செடிகளைப் பார்த்தார். கூரையில்லாத அறையில் அந்த இரண்டு பேரும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த வீட்டுக்காரங்க" என்றார் கேப்டன்.